தோற்றால்தான் வருவார்கள்

கூடைப்பந்து ஆட ஐந்து பேர் வேண்டும். பயிற்சியின் முதல் நாள் வந்து நின்றவர்கள் நான்கு பேர். அதிலும் ஒருவன் அறை மாறி வந்தவன். அவன் தேடிக்கொண்டிருந்தது செஸ் கிளப்பை.

வென்டல் ஸ்டக்கி விசிலை வாயில் வைத்தார். ஊதத் தெம்பில்லாமல் எடுத்துவிட்டார்.

"மத்தவனுங்க எங்கடா?"

"ஃபுட்பால், கோச். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஜெயிச்சுட்டாங்கல்ல."

"ஜெயிச்சுட்டாங்களா?" என்றார் வென்டல், இழவுச் செய்தி கேட்டவர் குரலில். அவருக்குத் தெரியாமல் இல்லை. மைதானத்தில் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு கைதட்டியவர்தான். உள்ளுக்குள் எதிரணிக்காக வேண்டிக்கொண்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆல்டர் க்ரீக் சின்ன ஊர், ஒரே பள்ளிக்கூடம். இலையுதிர்காலத்தில் அமெரிக்க ஃபுட்பால் என்று தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டிச் சாய்க்கும் அதே பையன்கள்தான் குளிர்காலத்தில் கூடைப்பந்தும் ஆட வேண்டும். ஃபுட்பாலில் தோற்று வெளியேறினால்தான் இந்தப் பக்கம் வருவார்கள். வழக்கமாக அக்டோபரிலேயே ஒழுங்காகத் தோற்றுவிடுவார்கள். இந்த வருஷம் என்ன சனி பிடித்ததோ, சுற்றுக்குச் சுற்று ஜெயித்துத் தொலைத்தார்கள்.

போதாக்குறைக்கு ஒரு மாநில விதி: பத்து நாள் பயிற்சி எடுக்காதவன் கூடைப்பந்து ஆட்டத்தில் இறங்கக் கூடாது. பிரின்சிபால் திருமதி லாஷ் அவரை ஏற்கெனவே கூப்பிட்டுச் சொல்லியாயிற்று.

"மிஸ்டர் ஸ்டக்கி, ரெண்டு வருஷமா சீசன் முழுக்க அடிதான் வாங்குறோம். இதுவும் அப்படியே போச்சுன்னா கோச் வேலைக்கு வேற ஆளப் பாக்க வேண்டியதுதான். சயின்ஸ் வாத்தியார் கேப்ளிங்கர் நான் ரெடின்னு நிக்கிறாரு."

கேப்ளிங்கருக்கு வயது இருபத்தாறு. அவன் மாடிப்படி ஏறும்போது முழங்கால் சத்தம் போடாது. வென்டலுக்கு அந்த வேலையை விட்டால் வேறெதுவும் தெரியாது. அது போய்விட்டால் குளிர்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"மலை உன்கிட்ட வரலன்னா நீ மலைகிட்ட போயேன்," என்றாள் மனைவி நடீன், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே. "இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எத்தன நாள் உக்காந்திருப்ப?"

மறுநாள் போனார், அந்தப் பத்து நாள் கணக்கை அங்கேயே தொடங்கிவிடலாம் என்று. ஃபுட்பால் கோச் ராய்ஸ் ஆப்பர்மன் சேற்றில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ராய்ஸ், உன் பசங்க உடம்ப வளத்து வச்சிருக்கானுங்க. புல்லுல முட்டுற காலு வேற, பலகைத் தரையில ஓடுற காலு வேற. திடீர்னு மாத்துனா முட்டி போயிரும். தினம் உன் பயிற்சி முடிஞ்சதும் கால் மணி நேரம் எங்கிட்ட விடு. மெல்ல மெல்லப் பழக்கிடறேன்."

ஆப்பர்மன் யோசித்தார். "அந்தக் கோட்டு ஓட்டமும் உண்டா?"

"கொஞ்சமா. ருசி காட்டத்தான்."

"தாராளமா எடுத்துக்கய்யா," என்றார் ஆப்பர்மன். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டதே கிடையாது. வென்டலுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோட்டு ஓட்டம் என்பது வென்டலின் சொந்தச் சொத்து. ஒரு கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடு, அடுத்த கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடு, அவர் போதும் என்கிறவரை ஓடு. பையன்கள் இதற்கு வாந்தி ஓட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது வெறும் பட்டப்பெயர் இல்லை என்பதற்கு ஜிம் மூலையில் இருந்த வாளியே சாட்சி.

முதல் நாள் கயிறு தாண்ட வைத்தார். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். பக்கவாட்டில் நண்டு நடை நடக்க வைத்தார். கடைசியில் கோட்டு ஓட்டம், கொஞ்சூண்டு.

மலை மாதிரி இருந்த டெக்கர் புல்லில் மல்லாந்தான். "கோச், செத்துருவேன்."

"இதுக்கேவா? இது மோரு குடிக்கிற மாதிரிடா தம்பி. விருந்து இன்னும் போடவே இல்ல. நீங்க தோக்குறீங்கல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமைதான் எல போடுவேன்."

அந்த வெள்ளிக்கிழமை ஆல்டர் க்ரீக் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஹோல்டன், பாய்ந்து வந்த மூன்று தடியன்களுக்கு நடுவே பக்கவாட்டில் நழுவினான். நண்டு நடை! வென்டல் தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் நிலைமை.

ஊர் அவரைக் கொண்டாடத் தொடங்கியது. பேக்கரியில் காபிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். சர்ச் வாசலில் பாதிரியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லாம் உங்க கயித்து மகிமை, வென்டல்!"

"அப்படியெல்லாம் இல்லீங்க," என்றார் வென்டல். நிஜமாகவே அப்படி இருக்கக் கூடாதே என்றுதான் அவருக்கு இருந்தது.

கயிறுதான் காரணம் என்றால் கயிற்றை நிறுத்திவிட வேண்டியதுதானே? நிறுத்தினார். கால் மணி நேரம் முழுவதும் கோட்டு ஓட்டமே என்று வைத்தார். களைத்துப் போய் வெள்ளிக்கிழமை கவிழ்ந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. வெளியில் சொல்லக்கூடிய கணக்கு அல்ல.

ஜெயித்தார்கள். முந்தின வாரத்தைவிட ஆக்ரோஷமாக ஜெயித்தார்கள். டெக்கர் பற்களைக் கடித்துக்கொண்டு எதிரணிப் பையன்களைத் தூக்கித் தூக்கி வீசியதைப் பார்த்து அவன் அம்மாவே பயந்துவிட்டாள்.

இதற்கிடையில் கூடைப்பந்தின் முதல் ஆட்டம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடிக்கும் பையனையும், செஸ் கிளப் பையனையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்து ஐந்து பேரை இறக்கினார். பக்கத்து ஊர் மில்ஹோம்காரர்கள் ஃபுட்பாலில் முதல் சுற்றிலேயே தோற்ற புண்ணியவான்கள். மூன்று வாரமாக ஜிம்மிலேயே குடியிருந்தவர்கள். எழுபத்தொன்றுக்குப் பத்தொன்பது. இடைவேளையில் செஸ் பையன், "ராஜினாமா பண்ணிக்கலாமா கோச்?" என்று கேட்டான். பிரின்சிபால் எழுந்து போனதையும், கேப்ளிங்கர் அவருக்குக் கதவு திறந்துவிட்டதையும் வென்டல் பார்த்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஃபுட்பால் மாநில இறுதிப் போட்டி. ஊர் வரலாற்றிலேயே முதல்முறை.

புதன்கிழமை வழக்கம்போல மைதானத்துக்குப் போனார். பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஹோல்டனின் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. டெக்கர் இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, நின்றபடியே தூங்கினான். ஆகஸ்ட் வெயிலில் தொடங்கிய ஃபுட்பால். இப்போது தரையில் உறைபனி. வென்டலுக்கு விசிலைத் தூக்கவே மனம் வரவில்லை. இந்தப் பிள்ளைகள் தோற்க வேண்டுமென்று எத்தனை வாரம் வேண்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பாவம், பிள்ளைகள்.

"டேய், எல்லாரும் உக்காருங்க. இன்னைக்கு ஓட்டம் கிடையாது."

ஒருவரும் நம்பவில்லை. நின்றுகொண்டே இருந்தார்கள்.

"சத்தியமாடா. சனிக்கிழமைக்கு அப்புறமும் ஒரு வாரத்துக்குக் கோட்டு ஓட்டம் கிடையாது. ஜிம்முக்கு வாங்க, சும்மா பந்தப் போடுங்க, தூங்கணும்னா தூங்குங்க. திங்கக்கிழமை பீட்சா என் செலவு. நல்லா ஆடிட்டு வாங்க, போங்க."

டெக்கர் விழித்துக்கொண்டான். "நெசமாவா கோச்?" அவன் கண்ணில் நீர் கட்டியதைப் பார்த்து வென்டல் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை, கோச் ஆன பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வென்டல் மனதார ஆல்டர் க்ரீக்குக்காக வேண்டிக்கொண்டார். வேலை போனால் போகட்டும், கேப்ளிங்கரே ஆளட்டும், இந்தப் பிள்ளைகள் ஜெயித்தால் போதும் என்று நடீனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோற்றார்கள். சும்மா இல்லை, சுருண்டு போனார்கள். ஹோல்டன் ஓடவே இல்லை. டெக்கர் எதிரணிப் பையனைத் தள்ளிவிட்டு மன்னிப்புக் கேட்டான். ஊரே அழுதது. வென்டலும் அழுதார்.

திங்கட்கிழமை ஜிம் நிரம்பி வழிந்தது. பன்னிரண்டு பையன்கள், பதினைந்து பீட்சா. பிரின்சிபால் எட்டிப் பார்த்து, "இனிமேலாவது நமக்கு ஒரு சீசன் இருக்கும் போலிருக்கே," என்றுவிட்டுப் போனார். வேலை தப்பியது. ஆனாலும் வென்டலுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஆர்லீன் ஒரு பீட்சாத் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாரா வாரம் அணியை ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான்.

"நல்ல பசங்க ஆர்லீன். கடசி நாள்ல என்ன ஆச்சுன்னே புரியல," என்றார் வென்டல். "ராய்ஸ் உற்சாகப்படுத்திப் பேச மறந்துட்டானோ?"

"அவரு எங்க மறந்தாரு? 'இன்னைக்குத் தோத்தீங்கன்னா திங்கக்கிழமை ஸ்டக்கி கையில மாட்டுவீங்கடா'ன்னு வாரா வாரம் சொல்ற அதே ஒரு வரியத்தான் சொன்னாரு; எப்பவும் வெறி பிடிச்சு எறங்குற பயலுவ, இந்தத் தடவ 'பீட்சா!'ன்னு கத்திக்கிட்டு எறங்குனானுங்க."