பட்டுச்சேலைப் பேயின் பலமும் பலவீனமும்

இர்ஷாத் அந்த வீட்டுக்குள் நுழைந்து பதினோரு விநாடிகள் ஆகியிருந்தன. பன்னிரண்டாவது விநாடியில் லேப்டாப்பை மூடி, அதன் மேல் ஒரு தலையணையை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

காலை பத்து மணி. மேலப்பாளையத்து வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவர் மைக் வைத்து வெங்காயம் விற்றுக்கொண்டு போனார். பேய்க்குத் தோதான சூழ்நிலை என்று எதுவும் இல்லை. அதுதான் அவனுக்கு அவமானமாக இருந்தது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் கொடுக்காப்புளி கேம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம். கல்யாண வீடியோவில் பெயர்களைப் பறக்கவிடுவது முதல் வந்த வேலையெல்லாம் செய்வார்கள். இப்போது சொந்தமாக ஒரு பேய் விளையாட்டும் செய்திருந்தார்கள். ஆடுகிறவரின் கண்தான் கேமரா. பேய் இருக்கிற இடத்தில் நாமே நடந்து, புதிர்களை நாமே அவிழ்த்து வெளியே வரவேண்டும். அதை ஆடிப் பார்த்துக் குறைநிறை சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

"பேய்னா பயமா, இர்ஷாத்?" என்று போன வாரம் நேர்காணலில் கேட்டாள் முதலாளி அனுராதா.

"பேய்னா எனக்குக் கொட்டாவிதான் வரும், மேடம்."

ராத்திரி தண்ணீர் குடிக்கப் போவதற்குத் தங்கையைத் துணைக்கு எழுப்புகிறவன் சொன்ன பதில் அது.

இன்று காலை அனுராதாவிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. அதன் பெயர் 'வீடு - கடைசி - நெசமாவே கடைசி'. கூடவே ஒரு வரி: 'ஆடிப் பாருங்க. பலம், பலவீனம் ரெண்டையும் எழுதிக்கிட்டு நாலு மணிக்கு ஆபீஸ் வாங்க.'

இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்தது ஷார்ஜா. அங்கே அலி அஸ்கர் மாமாவின் பலசரக்குக் கடையில் அவனுக்காக ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. விசாவும் தயார். வாப்பா ஏற்கெனவே பத்தொன்பது வருடமாக அங்கேதான் இருந்தார். வீடியோ காலில் அவருடைய நெற்றி மட்டும்தான் இவர்களுக்கு நன்றாகப் பழக்கம்.

எனவே இர்ஷாத் தலையணையை எடுத்தான்.

விளையாட்டு எடுத்த எடுப்பிலேயே வீட்டுக்குள் தொடங்கியது. குனிந்து பார்த்தால் தனக்குக் கால் இல்லை. பேய் யார் என்பதே முதலில் குழப்பமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசல்கதவு. எத்தனை முறை தட்டினாலும் திறக்கவில்லை. ஹாலுக்குள் போனதும் விளக்குகள் தாமாக எரிந்தன. ஹாலின் நடுவில் மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் ஒரு பெண் நின்றாள். சிரித்தாள். கண் இமைக்கவில்லை. அவன் இடப்பக்கம் போனால் அவளும் இடப்பக்கம் திரும்பினாள்.

"வாங்க" என்றாள். "இது இனிமே உங்க வீடுதான்."

இர்ஷாத் சத்தத்தை அணைத்தான். சத்தம்தானே பயம் என்பது அவன் கணக்கு. இப்போது சத்தமில்லாமல் அவள் உதடு மட்டும் அசைந்தது. அது முன்னதைவிட மோசமாக இருந்தது.

"முஃபீதா," என்று கூப்பிட்டான், முடிந்தவரை சாதாரணமாக. "சும்மாத்தான இருக்க? இங்கன வா."

தங்கை முஃபீதா கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் வருடம். வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன காக்கா, வேர்த்து ஊத்துது?"

"ஃபேன் சரியாச் சுத்தல."

"ஃபேன் அஞ்சுலல்லா ஓடுது."

"நீ மவுசைப் பிடி. நான் குறிப்பெடுக்கணும். குறிப்பெடுக்கதுதான் முக்கியமான சோலி."

முஃபீதா மவுசைப் பிடித்தாள். இர்ஷாத் கட்டிலின் மறுகோடியில், திரை தெரியாத கோணத்தில் உட்கார்ந்து முக்கியமான சோலியைச் செய்தான். ஐந்து நிமிடத்தில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒவ்வோர் அறையிலும் தரையின் மூலையில் சிவப்பாக ஓர் எண் மிதந்தது. ஹாலில் நூற்றைம்பது. அறைகளில் நூற்றுப்பத்தும் நூறும். சமையலறையில் அறுபத்துநாலு. கழிப்பறையில் இருபத்துநாலு.

"இதான் புதிர்," என்றான் இர்ஷாத், கோணத்தை மாற்றாமல். "கூட்டிப் பாரு. கழிச்சுப் பாரு."

முஃபீதா கூட்டினாள், கழித்தாள், சராசரி எடுத்தாள், ஒரு வரைபடமும் போட்டாள். அரை மணி நேரம் கழித்துப் பேனாவைக் கீழே வைத்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"காக்கா, இது செத்தவங்க கணக்கு."

"என்னது?"

"பெரிய ரூம்ல நெறையப் பேரு. சின்ன ரூம்ல கொஞ்சப் பேரு. இடத்துக்கும் எண்ணிக்கைக்கும் அப்படிப் பொருந்துது. மொத்தம் நானூத்தி நாப்பத்தெட்டு."

"கக்கூசுல இருபத்துநாலு பேரு எப்படிச் சாவாங்க?"

"ஒரே நாள்லயா சொன்னேன்? வருசக்கணக்கா."

இதற்குப் பிறகு மவுசைத் தொட அவளும் மறுத்துவிட்டாள். ஒருவர் பயந்துகொண்டிருந்த அறையில் இப்போது இருவர் பயந்துகொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டரை.

முருங்கைக்கீரைக் கட்டோடு உள்ளே வந்த உம்மா ஹமீது பீவி, கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள்.

"ஏம்லே, தரையில பாம்பு கீம்பு வந்துட்டா?"

"பேய் உம்மா," என்றாள் முஃபீதா. "காக்காவுக்கு வேலை குடுக்கதுக்கு அனுப்பிருக்காங்க."

ஹமீது பீவி கீரையைக் கீழே வைத்தாள். "இதை முடிச்சா வேலை கெடைச்சிருமா?"

"கெடைக்கும்."

"ஷார்ஜாவுக்குப் போகாண்டாம்லா?"

"போகாண்டாம்."

"தள்ளு அங்கன. எதைப் பிடிச்சு எதை அமுக்கணும்னு சொல்லு."

பிஸ்மில்லாஹ் சொல்லி அவள் மவுசைப் பிடித்தாள். இர்ஷாத் போன வழி, முஃபீதா போன வழி எதிலும் அவள் போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கேயும் அந்தப் பட்டுச்சேலைக்காரி அதே சிரிப்போடு நின்றாள். பிள்ளைகள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"இவ ஏன் இப்படி அடுப்பங்கரையில பட்டுக் கட்டிட்டு நிக்கிதா? தீப்பொறி தெறிச்சா என்னத்துக்கு ஆகும்?" என்றாள் ஹமீது பீவி. "நவுரு தாயி, நான் பாக்கேன். ஏலே, இந்த அடுப்பங்கரையில ஜன்னலே இல்லையே. தாளிச்சா புகை எங்கன போகும்?"

"எழுதிக்கிடட்டா உம்மா?"

"எழுது. ரெண்டு நாளைக்கு ஒருக்கத் தண்ணி விடுதான், நாலு குடம் வைக்க எடமில்ல. அதையும் எழுது. குடம் வைக்க எடமில்லாத வீட்டுல பேய் இல்லாம வேற என்ன இருக்கும்?"

இர்ஷாத் எழுதினான். சிக்கல் என்னவென்றால், ஹமீது பீவி இப்போது மவுசை விடுவதாக இல்லை. ஒவ்வோர் அலமாரியையும் திறந்து மூடினாள். சுவர் சுவராகப் பார்த்தாள். பட்டுச்சேலைக்காரி எல்லா அறையிலும் முன்னால் போய் நின்றாள். ஹமீது பீவி ஒவ்வொரு முறையும் அவளைத் தாண்டிப் போனாள். ஒரு கட்டத்தில், "பாவம், யாரு பெத்த பிள்ளையோ. நாள் பூரா நின்னே கெடக்கா, ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தா என்ன," என்றாள். மணி இரண்டேகால் ஆகிவிட்டது. விளையாட்டுக்கு முடிவு மட்டும் வரவில்லை.

கழிப்பறையில் ஹமீது பீவி நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

"ஹால் ஜன்னல்ல சாயங்கால வெயிலு விழுந்துச்சில்லா? அப்ப அது மேக்கு." அவள் குரல் இறங்கியது. "இந்தக் கக்கூசு நாம தொழுகிற கிபுலாவைப் பாத்துல்லா இருக்கு."

முஃபீதா மூச்சை உள்ளே இழுத்தாள்.

"வேற காரணமே வேண்டாம்," என்றாள் ஹமீது பீவி. "இந்த வீட்டுல வந்த எல்லாக் கெடுதி முசீபத்துக்கும் இதான் வேரு. எழுதுலே."

இர்ஷாத் அதையும் எழுதிக்கொண்டு, உம்மா கையிலிருந்து மவுசைப் பிடுங்கி, சாப்பிடாமலேயே வண்ணாரப்பேட்டைக்கு பஸ் ஏறினான்.

ஆபீஸில் அனுராதாவோடு வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயம்பெருமாள் அண்ணாச்சி. வேற ஒரு வேலையா வந்திருக்காங்க," என்றாள் அனுராதா. "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி, இந்தத் தம்பி நம்ம பேய் விளையாட்டை ஆடிட்டு வந்திருக்காரு."

"நடத்துங்க. நானும் கேக்கேன்," என்றார் அவர்.

இர்ஷாத் காகிதத்தை விரித்தான். உம்மா சொன்னதையெல்லாம் பஸ்ஸிலேயே நல்ல தமிழாக்கியிருந்தான்.

"பலம் ஒன்று. உள்ளே நுழைந்த நொடியிலேயே, இங்கிருந்து எப்படியாவது தப்பித்து ஓடிவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. எந்த மனிதனும் இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டான்."

அனுராதா தலையை ஆட்டினாள்.

"பலம் இரண்டு. சமையலறையில் ஜன்னல் கிடையாது. பார்க்கும்போதே நமக்கு மூச்சு முட்டுகிறது. இந்த வீட்டை யோசித்தவருக்கு மனிதர்கள் மேல் ஆழ்ந்த வெறுப்பு இருக்க வேண்டும்."

"வெறுப்பா?" என்றார் ஐயம்பெருமாள்.

"பாராட்டாத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. இதெல்லாம் சாதாரண மூளைக்கு வராது."

"மேல சொல்லுங்க."

"பலம் மூன்று. கழிப்பறை மேற்குப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் சாபம் எங்கே தொடங்கியது என்பதை வாய்திறந்து சொல்லாமலே உணர்த்தியிருக்கிறார்கள்."

"மேக்கப் பாத்து இருந்தா ஆகாதோ?"

"எங்க ஆளுங்களுக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாங்க."

ஐயம்பெருமாள் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் தன் பேச்சைக் குறிப்பெடுப்பதைப் பார்த்ததும் இர்ஷாத்தின் குரல் அரை அடி உயர்ந்தது.

"பலவீனம். எண் புதிர் ரொம்ப எளிது. மொத்தச் சாவு நானூற்று நாற்பத்தெட்டு என்பதை என் தங்கை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்து, பேய்க்கு ஒரு கதை இல்லை. எதற்குச் சிரிக்கிறது என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை அந்த வீட்டைவிட்டுத் துரத்த ஆடுகிறவருக்கு ஒரு வழியும் வைக்கவில்லை."

அனுராதா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அவ்வளவு தூரம் உள்ள போனீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு மூலை விடல, மேடம்."

"உண்மையைச் சொல்லுதேன். நம்ம பசங்க செஞ்ச விளையாட்டுதான், ஆனா நான் இன்னும் முதல் கதவையே தாண்டல. மியூசிக் வந்ததும் மூடிருவேன்." அவள் ஐயம்பெருமாள் பக்கம் திரும்பினாள். "வெளிய சொல்லிராதீங்க அண்ணாச்சி."

"நான் யாருட்டச் சொல்லப்போறேன்," என்றார் அவர். "ஆனா இந்தத் தம்பியை விட்டுராதீங்கம்மா. அடுப்பங்கரை, கக்கூசு வரைக்கும் எவன் இப்படி யோசிக்கான்?"

"விடல. திங்கக்கிழமை சேந்துக்கிடுங்க இர்ஷாத்."

இர்ஷாத்துக்கு ஷார்ஜா ஸ்டூல் கண்ணெதிரே மறைந்தது. உம்மாவுக்கு உடனே போன் செய்திருக்கலாம். எழுந்து கும்பிட்டுவிட்டுப் படியிறங்கியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பயந்தவனுக்கு இப்போது மூன்று ஆள் தைரியம் வந்திருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம். நீங்களும் அந்தப் பேயை ஒரு தரம் பாத்துருங்க. நான் பக்கத்துல இருக்கேன், பயப்படாதீங்க."

லேப்டாப்பை மேசையில் விரித்து, சத்தத்தை முழுதாக வைத்தான். விளக்குகள் தாமாக எரிந்தன. மாம்பழ நிறப் பட்டுச்சேலை சிரித்தது.

"வாங்க," என்றது. "இது இனிமே உங்க வீடுதான்."

"இதுதான் அந்தப் பேய்," என்றான் இர்ஷாத். "முழியைப் பாருங்க. இதுக்கு மேல கொடூரமா ஒரு முகத்தை மனுசனால கற்பனை பண்ண முடியுமா, அண்ணாச்சி?"

அனுராதாவின் கை மெல்ல வாய்க்குப் போனது. ஐயம்பெருமாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டி, திரைக்குக் கிட்டத்தில் குனிந்து, ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"தம்பி, இது பெருமாள்புரத்துல நான் கட்டி விக்கப்போற வீடு, வாங்க வாரவங்களுக்குச் சுத்திக் காட்டணும்னு மேடத்துட்டச் செய்யச் சொன்னது, நீங்க பேய்ங்கது என் வீட்டுக்காரி."