பின்சீட்டுக்கு ஓர் ஆள் தேவை

அன்பு மைத்துனருக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தையும், தனியாக உன் இடுப்பின் நலத்தையும் விசாரிக்கிறேன். இடுப்பை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு மலைமேல் மோட்டார் சைக்கிள் பயணம் எதற்கு என்று தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். வேலை பார்த்த காலம் முழுக்க ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் மேலும் கீழும் போய் வந்தவன் நான். எவ்வளவு உயரம் ஏறினாலும் கதவு திறந்தால் அதே தாழ்வாரம், அதே குப்பைக்கூடை. ஒரு தடவையாவது ஏறி முடித்ததும் வெட்டவெளியைப் பார்க்கணும்னு எனக்கு ஏக்கம். மரமே இல்லாத மலை, ஜல்லிப் பாதை, பாலம் கட்டாத ஆறு, அதற்கும் மேலே ஒரு கணவாய். அந்த வழியின் வரைபடத்தை முகம் பார்க்கிற கண்ணாடிமேலேயே ஒட்டிவிட்டேன். இப்போது சவரம் செய்யும்போது தாடை தெரிவதில்லை, மலைதான் தெரிகிறது.

உன் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "தனியா போகக் கூடாது. துணைக்கு ஆள் இருந்தா போலாம்" என்று சொல்லிவிட்டாள். துணைக்கு உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து அவள் கொடுக்கிற குடைச்சலைக் கேள். பின்னால் பெட்ரோல் கேன் கட்ட இரும்புச் சட்டம் வைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். போய்ப் பார்த்தால் மெத்துமெத்தென்று அகலமான சீட்டு. "அம்மா வந்து மாத்தச் சொன்னாங்க சார்" என்கிறான். கேனுக்கு எதுக்குப்பா மெத்தை என்றேன். "நானும் கேட்டேன் சார், முறைச்சாங்க" என்றான். ஹெல்மெட் வாங்கி வைத்தால், கண் எரியுதுன்னு அதை மாட்டிக்கிட்டு வெங்காயம் நறுக்குறா. பழகிப் பார்க்கலாமே என்று பின்னால் உன் இடத்தில் அரிசி மூட்டையைக் கட்டி பார்க்கிங்கில் ஒரு வட்டம் அடித்தேன். வளைவில் மூட்டை சரிந்து, வாட்ச்மேன் நாற்காலியோடு சாய்ந்து, அரிசியெல்லாம் தரையில். மாடியிலிருந்து பார்த்தவள், "மூட்டைக்குப் பிடிச்சுக்கத் தெரியாதுல்ல" என்கிறாள். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. வரைபடத்தில் நான் போட்ட கோட்டை அழித்து ஏரிப்பக்கம் வளைத்திருக்கிறாள். கேட்டால், "அவ்வளவு தூரம் போயிட்டு ஏரியைப் பார்க்காம வர்றதாமா?" என்கிறாள். அதெல்லாம் கூடப் போகட்டும். நேற்று பால்கனிச் செடிகளை மொத்தமாக எதிர்வீட்டு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பப் போகிறாள் போலிருக்கிறது.

ஆகவே நீ வந்தே தீரணும். பல் டாக்டர் ஒரு மாதம் லீவு போட்டால் ஊர் ஒன்றும் பொக்கை வாயாகிவிடாது, நாலு பல் தப்பிக்கும். பனி உருகி வழி திறந்துவிட்டது. அடுத்த வருஷம் என் முட்டி என்ன சொல்லுமோ, யார் கண்டது. எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம்டா. அந்த உச்சியில வண்டியை நிறுத்திட்டு, எத்தனாவது மாடின்னு யாரும் கேட்காம, கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும். அதைப் பார்க்காமலே போயிட்டா என் மனசு ஆறாது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் இடுப்பு இரும்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: நீ வர வேண்டாம். உறை ஒட்டப் பசை கேட்கலாமென்று உன் அக்காவைத் தேடிக் கீழே போனேன். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சீட்டில் ஹெல்மெட்டோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். யாருக்கு லெட்டர் என்றாள், சொன்னேன். "ஊர்ல உள்ளவங்களையெல்லாம் ஏத்தி இறக்குனீங்க. என்னை ஒரு தடவை, ஏறுறியான்னு கேட்டீங்களா?" என்றாள். "ஏறுறியா?" என்றேன். "ஏறித்தானே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். நானும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பக்கூட இல்லை, அதற்குள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏரி வழியாகத்தான் போகிறோம். டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று மட்டும் நீ அப்பப்போ வந்து பார்த்துக்கொள்.