அக்கா, இழுப்பமோ?

பின்னால் வருவதெல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது என்று நம்பிக்கொண்டு முன்னால் போகிறவர்களைப் போல நிம்மதியான ஆட்கள் உலகத்தில் இல்லை. அந்த நிம்மதியை நான் அனுபவித்திருக்கிறேன். மொன்றியலில், ஒரு சனிக்கிழமை காலையில், ஏறக்குறையக் கால் மணி நேரம். அதற்குப் பிறகு அப்படியொரு நிம்மதி எனக்கு வாய்க்கவில்லை.

முதலில் என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். (காரைப் பற்றிச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் தொடங்குவதில்லை என்று என் தம்பி மனைவி, மச்சாள், சொல்வாள். அவளுக்கென்று கார் இல்லை.)

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவாகத்தான். ஆனாலும் இவர் காலமான பிறகு, அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், இந்தப் பனி கொட்டுகிற ஊரில் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தவள் நான். எத்தனையாவது தடவையில் எடுத்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விசயம். வாங்கியது ஒரு சின்னக் கார், தக்காளிப்பழச் சிவப்பு, கையால் கியர் மாற்றுகிற வகை. ஓட்டப் பழக்கிய மாஸ்டர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். காரை நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் "இழுங்கோ அம்மா" என்பார். நான் ஹான்ட் பிரேக்கை இழுப்பேன். "இழுத்தாச்சோ?" என்பார். "இழுத்தாச்சு" என்பேன். மாதா கோவில் பூசையில் சுவாமியார் ஒன்று சொல்ல, சனம் பதில் சொல்லுமே, அதைப் போல. அந்தப் பாடத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. கொஞ்சம் மறந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

என் மகன் ஜெறாட்டுக்கு நான் கார் ஓட்டுவதில் விருப்பமில்லை.

"அம்மா, வயசு போகுது. திறப்பைத் தாங்கோ. எங்கை போகவேணுமெண்டாலும் நான் கூட்டிக்கொண்டு போறன்."

"நீ வந்து கூட்டிக்கொண்டு போற நேரத்துக்குப் பூசை முடிஞ்சு, சுவாமியார் சாப்பிட்டுப் படுத்திடுவார்."

இந்த வழக்கு எங்கள் வீட்டில் மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. திறப்பு, அதாவது சாவி, என் கைப்பைக்குள் இருந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே இலட்சியம்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி அன்ரன் ஒரு மோட்டார்ஹோம் வாங்கினான். மோட்டார்ஹோம் என்றால் சக்கரம் பூட்டிய வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். அன்ரனுடையதில் வெளியே நிறையத் துருக் கறளும் இருந்தது. டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இனி ஊர் சுற்றப் போகிறேன் என்று நின்றான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவன் வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றால் வீடு தெரியாது.

ஓகஸ்ட் மாதம், வடக்கே ஏரிக்கரை ஒன்றில் போய்த் தங்குவதென்று முடிவாயிற்று. அன்ரன், அவன் மனைவி ஸ்டெல்லா, நான். ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பெரிய வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டால், பாண் வாங்கப் போவதற்கோ ஞாயிறு பூசைக்கோ அதை அசைக்க முடியாது. பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

"என்ரை கார் ஒட்டோமற்றிக், அக்கா. அதை நிலத்திலை உருள விட்டு இழுத்தா கியர்ப்பெட்டி போயிடும். உங்கடை கார்தான் சரி" என்றான் அன்ரன்.

"என்ன சொன்னனீ? எனக்கு வடிவாக் கேக்கேல்லை."

"உங்கடை கார்தான் சரி!"

எனக்கு முதல் தடவையே கேட்டதுதான். ஸ்டெல்லாவுக்கும் கேட்கட்டுமே என்று நினைத்தேன்.

ஜெறாட்டுக்கு விசயம் தெரிந்ததும் போனில் வந்தான். "சரி, கொண்டு போங்கோ. காருக்கு ஒண்டும் நடக்காமல் திரும்பி வந்தால் நான் இனித் திறப்பைப் பற்றிக் கதைக்கமாட்டன். ஏதும் நடந்துதோ, திறப்பு என்ரை கையிலை. சம்மதமோ?"

"சம்மதம்" என்றேன். கார் ஓட்டப்படவே போவதில்லை, சும்மா பின்னால் உருண்டு வரப் போகிறது. இதில் என்ன நடக்கும்?

சனிக்கிழமை காலை, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் நான் இருக்கும் தெருவுக்கு அன்ரன் மோட்டார்ஹோமைக் கொண்டுவந்தான். பல்கனிகளில் சனம் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றது. நான் நல்ல சேலை உடுத்தியிருந்தேன். (காரைக் கட்டுவதற்கு எதற்கு நல்ல சேலை என்று ஸ்டெல்லா கேட்டாள். பல்கனியைப் பார் என்றேன்.)

அன்ரன் கைகாட்ட, நான் காரைக் கொண்டுபோய் மோட்டார்ஹோமின் முதுகுக்கு நேரே நிறுத்தினேன். காரின் மூக்கிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகளை நீட்டி முன்வண்டியின் கொளுவியில் மாட்டினான். கம்பி கழன்றாலும் கார் ஓடிவிடாமல் சங்கிலி போட்டான். லைட்டுக்கு வயர் கொடுத்தான். பிறகு எனக்கு மூன்று வேலை சொன்னான். கியரை நியூட்ரலில் விட வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் திறப்பை ஒரு சத்தம் கேட்க மட்டும் திருப்பி அப்படியே விட வேண்டும். ஹான்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும்.

மூன்றையும் செய்தேன். சரியாகச் செய்தேன். இதை எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அன்ரன் முன்னுக்குப் போய் ஏறி எஞ்சினை எழுப்பினான். அது எழும்பும்போது தெருவில் புறாக்களும் எழும்பின. நான் காரின் கதவைத் திறந்தபடி கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து அவன் கத்தினான்.

"அக்கா! இழுப்பமோ?"

இப்போது நீங்களே சொல்லுங்கள். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். சற்று முன் இறக்கச் சொன்னவன் இப்போது இழுக்கலாமா என்று கேட்கிறானே என்று ஒரு கணம் யோசித்தேன், இல்லையென்று இல்லை. ஆனால் தெரு கொஞ்சம் சரிவு. அதோடு அன்ரன் படித்தவன், மோட்டார்ஹோம் புத்தகத்தைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படித்தவன். அவனிடம் போய் ஐந்தாம் வகுப்பு கேள்வி கேட்பதா? குனிந்து, இரண்டு கையாலும், மாஸ்டர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருக்கும் அளவுக்கு ஹான்ட் பிரேக்கை இழுத்தேன்.

"இழுத்தாச்சு!" என்று கத்தினேன்.

எஞ்சின் இரைச்சலில் அவனுக்குக் கேட்டது "இழு" மட்டும்தான்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு, பல்கனிகளுக்கு ஒரு கை காட்டிவிட்டு, முன்னுக்குப் போய் ஏறினேன். புறப்பட்டோம்.

தெருவைத் தாண்டும்போதே அன்ரன் முகத்தைச் சுளித்தான். "என்ன இண்டைக்கு இப்பிடி முக்குது? அக்கா, என்னத்தை ஏத்தினனீங்கள்?"

"கோழிக்கறி."

"எத்தினை கோழி?"

"உனக்குச் சாப்பிடேக்கை கணக்கு வராது, ஏத்தேக்கை மட்டும் வருமோ?"

ஸ்டெல்லா பயணம் நல்லபடி அமைய செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "மச்சாள், ஏதோ கருகுது. அடுப்பிலை என்னவும் வைச்சனீங்களோ?" நான் எழுந்து, ஆடி ஆடிப் போய், அந்தச் சின்ன அடுப்பைத் தடவிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. "ரோட்டிலை ஆரோ இறைச்சி வாட்டுகினம், சனிக்கிழமையெல்லோ" என்றேன். அவள் விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தாள்.

பெரிய தெருவுக்கு வந்ததும் எங்களுக்கு மரியாதை தொடங்கியது. பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கை நீட்டிக் காட்டினார்கள். "அக்கா, இப்பிடி வண்டி இஞ்சத்தைய சனமே கண்டிராது" என்றான் அன்ரன். நான் திருவிழாத் தேரில் போகும் மாதா சுருவம் போல இரண்டு பக்கமும் பார்த்துக் கையசைத்தேன்.

சிவப்பு லைட்டில் நின்றபோது, பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நெஞ்சு வரை தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கத்தினார்.

"மெசியூ! ஷார்! ஷார்!"

அன்ரனின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவனுடைய கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"கேட்டியளோ? சார் எண்டுறான்! இத்தினை வருசம் டவுன்டவுனிலை கோப்பை கழுவினன், ஒருத்தன் என்னைச் சார் எண்டு கூப்பிட்டிருப்பானோ? ஒரு மோட்டார்ஹோம் வாங்கின உடனை பார்!"

அவன் நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்து, "மெர்சி, மெசியூ, மெர்சி" என்று நன்றி சொன்னான். தாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஷார்! ஷார்!" என்று மறுபடியும் கத்தினார். அன்ரன் மறுபடியும் குனிந்தான். பச்சை விழுந்தது.

(இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்களுக்குப் பிரெஞ்சு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது காருக்கு வேறொரு நீட்டுப் பெயர் சொன்னார்கள். கியூபெக் சனம் வாய்ப்பேச்சில் காரை "ஷார்" என்றுதான் சொல்லும் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.)

கடைசியில் தாடிக்காரர் பொறுமை இழந்து, எங்களை முந்திக்கொண்டு போய், ஒரு பெற்றோல் நிலைய வாசலில் வண்டியைக் குறுக்கே விட்டு மறித்தார். அன்ரன் நிறுத்திய அதே நேரம், பின்னால் "டமார்" என்று ஒரு வெடி. ஸ்டெல்லாவின் கையிலிருந்து செபமாலை எகிறி அன்ரனின் தலையில் விழுந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். என் தக்காளிப்பழம் புகைக்குள் நின்றது. பின் டயர் ஒன்று வெடித்துக் கந்தலாகத் தொங்கியது. மற்றது ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. தெருவில், நாங்கள் வந்த வழி நெடுக, இரண்டு கறுப்புக் கோடுகள்.

அன்ரன் காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஹான்ட் பிறேக் ஏன் மேலை நிக்குது?"

"நீதானே இழுக்கச் சொன்னனீ!"

"நானோ? நான் இழுப்பமோ எண்டெல்லோ கேட்டனான்!"

"ஓம். கேட்டனீ. இழுத்தனான்."

"காரை இழுப்பமோ எண்டு கேட்டனான், அக்கா! காரை!"

"காரை எண்டு சொன்னனியோ? வாயைத் திறந்து காரை எண்டு சொன்னனியோ?"

ஸ்டெல்லா நடைபாதை விளிம்பில் குந்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். தாடிக்காரர் என் காரைத் தட்டி, "ஷார்" என்றார். பிறகு அன்ரனைத் தொட்டு, இல்லையென்று தலையை ஆட்டினார். அப்போதுதான் என் தம்பிக்கு விளங்கியது. அவன் முகம் டயரைவிடக் கெதியாகக் காற்றுப் போயிற்று.

ஜெறாட்டுக்குப் போன் எடுத்தோம். எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தொடங்கினான் அன்ரன். "தேவையில்லை மாமா," என்றான் அவன், "நான் அம்மான்ரை வீட்டு வாசலிலைதான் நிக்கிறன். ரோட்டிலை விழுந்த கறுப்புக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

வந்தான். காரை ஒருமுறை சுற்றி வந்தான். என்னைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவன் கோபமாக நிற்கத்தான் பார்த்தான், பாவம். "இழுத்தனான்" என்று நான் சொன்ன இடத்தில் மூக்கால் சிரிப்பு வந்துவிட்டது. "பிழை உங்கள் ரெண்டு பேரிலையும் இல்லை, தமிழிலை" என்றான்.

ஆனாலும் நான் சொன்ன சொல் மாறுகிற ஆளில்லை. அவன் கேட்கும் முன்பே திறப்பைக் காரிலிருந்து உருவி அவன் உள்ளங்கையில் வைத்தேன். வைக்கும் முன் ஒருமுறை துடைத்தேன். (மூன்று முறை துடைத்தேன் என்று ஸ்டெல்லா சொல்வாள். அவள் சிரித்த சிரிப்பில் எண்ணியிருக்க மாட்டாள்.)

ஏரிக்கரைக்குப் போகவில்லை. பெற்றோல் நிலைய வாசலிலேயே, மோட்டார்ஹோமுக்குள் எல்லோருமாக இருந்து கோழிக்கறியும் பாணும் சாப்பிட்டோம். தாடிக்காரரையும் கூப்பிட்டோம். முதல் வாயிலேயே அவர் என் காரின் நிறத்துக்கு வந்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "சார், இன்னொரு துண்டு எடுங்கோ சார்" என்று அன்ரன்தான் பரிமாறினான்.

பிறகு நான் என் மகனிடம் கொடுமையாக எதுவும் நடந்துகொள்ளவில்லை. அவன் சொன்னபடியே நடந்தேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நவநாளுக்குப் போக வேண்டுமென்றால் போன் எடுத்து, "தம்பி, ஏலுமோ?" என்று பணிவாகக் கேட்டேன். முருங்கைக்காய் வாங்கக் கேட்டேன். வாங்கிய முருங்கைக்காய் முற்றல் என்று திருப்பிக் கொடுக்கக் கேட்டேன். செத்த வீட்டுக்கும், எட்டாம் நாள் நடக்கும் எட்டுச் செலவுச் சடங்குக்கும், விடிகாலைப் பூசைக்கும் கேட்டேன். இலை உதிரத் தொடங்குவதற்குள் ஒருநாள் அவனே என் காரை ஓட்டிவந்து வாசலில் விட்டான். பின்னால் இரண்டு புது டயர்.

"இந்தாங்கோ அம்மா, திறப்பு. ஒரு கண்டிசன். இனி இதை ஒண்டுக்குப் பின்னாலையும் கட்டக்கூடாது."

"நான் கட்டவே இல்லையே. கட்டினது உன்ரை மாமா" என்று சொல்லித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் நிம்மதியாகப் பாவிக்க முடிவதில்லை. கடைக் கதவில் பிரெஞ்சில் "இழு" என்று எழுதியிருந்தாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். அண்மையில் இருமல் விடவில்லையென்று டொக்டரிடம் போனோம். கார் ஓட்டியது நான். பிரெஞ்சு கதைக்க ஜெறாட். டொக்டர் குழாயை என் முதுகில் வைத்து ஏதோ சொன்னார். ஜெறாட் முகத்தைக் கோவிலில் வைப்பது போல வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"நல்லா இழுங்கோ அம்மா." கொஞ்சம் பொறுத்துச் சேர்த்தான்: "மூச்சை மட்டும்."

டொக்டர் முதுகில், நெஞ்சில், திரும்பவும் முதுகில் என்று குழாயை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு, சிரிப்பைத் தவிர உள்ளே வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை, அடுத்த வாரம் மகனை விட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.