முப்பத்திநாலு மெக்கானிக்

சேலம் மாவட்டத்திலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே, முகத்தைப் பார்க்காமல் நம்பர் பிளேட்டைப் பார்த்து மனிதரை எடைபோடுகிற ஒரே ஆள் முப்பத்திநாலுதான்.

அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் ரோட்டோரம் அவருடைய ஒர்க்‌ஷாப். சொந்த ஊர் திருச்செங்கோடு. அந்த ஊர் வண்டிகளுக்கு டி.என். 34. பிழைக்க வந்து இத்தனை வருஷமாகியும் மனிதகுலம் என்பது அவருக்கு அந்த நம்பரோடு முடிந்துவிடும். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி தூரத்தில் தெரிந்தால் போதும், சாப்பிட்ட கையோடு ரோட்டுக்கு ஓடுவார். டிரைவருக்கு டீ, வண்டிக்குத் தண்ணீர், இரண்டும் சும்மா. வேறு நம்பர் வந்து நின்றால், "அக்கட்டக் கடையில பாருங்க சாமி" என்று ரோட்டின் அந்தப் பக்கம் கை நீட்டுவார். அக்கட்டக் கடைக்காரர் இவர் புண்ணியத்தில் மாடி வீடு கட்டிவிட்டார்.

நானும் திருச்செங்கோட்டுக்காரன்தான். சேலத்தில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாவிட்டால் அவரிடம் போய் வம்பு வளர்ப்பேன்.

"ஏனுங்கண்ணா, மத்தவனும் மனுசன்தானுங்களே?"

"ஆரு இல்லைன்னாங்க? எல்லாத்தையும் நானே பாத்துட்டா அவனவன் ஊர்க்காரன் எதுக்கு இருக்கறான்?"

"இது அநியாயமுங்க."

"சாமி, நீங்க மொதல்ல கண்ணாலம் பண்ணுங்க. உங்கூட்டுக்காரிக்கும் பக்கத்தூட்டு அம்மாவுக்கும் ஒரே அளவா மல்லிகைப்பூ வாங்கிட்டுப் போங்க. உசுரோட இருந்தா வந்து நாயம் பேசுங்க."

ஆனால் மனுஷனுக்கு ஒரு பலவீனம். யாராவது அழுதால் தாங்காது. கொள்கையும் போகக்கூடாது, அழுகையும் நிற்க வேண்டும். அதற்காகவே, பழைய இரும்புக்குப் போன ரிக் லாரி ஒன்றின் 34 பிளேட்டை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அழுகிற கைக்குழந்தையோடு ஒரு கேரளா கார் வந்து நின்றால், பிளேட்டை எடுத்து அதன் முகத்தில் கம்பியால் கட்டுவார். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். "ம்ம், நம்ம வண்டி" என்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். வேலை முடிந்ததும் பிளேட் ஆணிக்குப் போகும், கேரளா மறுபடியும் கேரளாவாகிவிடும்.

ஒருமுறை இதைப் பார்த்துவிட்ட போலீஸ்காரர், "சட்டப்படி தப்புய்யா" என்றார். "ஓடற வண்டிக்குத்தானுங்க சட்டம். நின்னுபோனதுக்கு ஏதுங்க?" என்றார் இவர். போலீஸ்காரர் யோசித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கும் பெண் அமைந்தது, ஆத்தூரில். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா சகுனம் பார்க்கிறவர். "பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள மாப்பிள்ளை வரலைன்னா இந்தச் சம்பந்தத்தையே விட்டுடுவோம்" என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டார் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நிச்சயப் பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு, நண்பனுடைய ஈரோட்டுக் காரை இரவல் வாங்கி ஓட்டியபடி நான் பின்னால் போனேன். அயோத்தியாப்பட்டணத்தில் கார் புகைந்தது. தள்ளிக்கொண்டுபோய் முப்பத்திநாலின் வாசலில் விட்டேன். நம்ம ஆள் இருக்கக் கவலை என்ன என்றுதான் நினைத்தேன்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆந்திரா வேன். உள்ளே பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சுகள், நாமக்கல் பண்ணைக்குப் போகிறவை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று. டிரைவர் தெலுங்கில் அழுதுகொண்டிருந்தான். 34 பிளேட் வேனில் தொங்கியது.

"அண்ணா, எனக்கு நிச்சயதார்த்தமுங்க. என்னைய மொதல்ல அனுப்பி உடுங்க."

வேனுக்கடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்து என் காரைப் பார்த்தது. "முப்பத்திமூணுங்களா?"

"காருதானுங்க ஈரோடு. நான் நம்மூருங்க."

"மத்தவனும் மனுசன்தானேன்னு ஒருத்தரு சொல்லுவாரே, அவரு வரலீங்களா?"

"அது மனுசனுக்குச் சொன்னதுங்க. இது கோழிங்க."

"அழுவறது கோழி இல்லீங்க சாமி."

தலை உள்ளே போய்விட்டது. மனிதரெல்லாம் ஒன்று என்று வாரம் தவறாமல் பேசிய இந்த வாயால், பட்டு வேட்டியோடு குனிந்து, "நான் உங்க ஆளுங்கண்ணா, நம்மூருங்கண்ணா" என்று கெஞ்சினேன். முகூர்த்த நாள். அக்கட்டக் கடை பூட்டிக் கிடந்தது. கைகாட்டிய பஸ் ஒன்றும் நிற்கவில்லை. மணி ஒன்பதைத் தாண்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்தார். நடுரோட்டில் நின்று கையைத் தூக்கினார். வந்துகொண்டிருந்த திருச்செங்கோட்டு ரிக் லாரி சட்டென்று நின்றது.

"நம்ம பையன். பத்தரைக்குள்ள ஆத்தூர் மண்டபத்துல எறக்கி உட்ருங்க."

டிரைவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இவர் டீயைக் குடித்தவர். பத்து இருபதுக்கு மண்டபத்து வாழைமரத்தை உரசிக்கொண்டு லாரி நிற்க, புடவையோடு நான் குதித்தேன். என் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு மாமனார் என் அப்பாவிடம், "பையனுக்கு ஆபீஸ்லதானே வேலை?" என்று கேட்டாராம்.

மறுநாள் போனபோது ஈரோட்டுக் காரும் பிளேட் கட்டிச் சரியாகியிருந்தது. குஞ்சுகள் நல்லபடியாக நாமக்கல் போய்ச் சேர்ந்த சேதியை, பேரன் பேத்தி ஊர் போய்ச் சேர்ந்ததுபோல் பூரித்துச் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் நாங்கள் இருவரும் போன என் மனைவியின் ஸ்கூட்டர் அவர் வாசலில் நின்றுபோனது. ஆத்தூர் நம்பர், எழுபத்தேழு. அவர் பிளேட் எடுக்கத் திரும்பினார்.

"எனக்கு அதெல்லாம் வேணாம்ண்ணா. நான் ஆத்தூராவே இருக்கேன்" என்றாள் இவள்.

முப்பத்திநாலு ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். பிறகு பிளேட் இல்லாமலே உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தார். நான் சிரித்ததும், "அண்ணான்னு கூப்புட்ட பொறகு நெம்பரு எதுக்குங்க?" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

இப்போது என்னிடம் சொந்தக் கார் இருக்கிறது, சேலம் நம்பர். மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அயோத்தியாப்பட்டணத்தில் ஏதாவது சத்தம் வராதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். பாழாய்ப்போன வண்டி, நன்றாகவே ஓடுகிறது.