கடலுக்கு ஒரு நினைவூட்டு

கடலில் கால் நனைக்க முன்அனுமதி வாங்க வேண்டும் என்று, கல்யாணமான பிறகும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நினைவூட்டு என்ற மனிதரோடு ஒரே மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தால், தும்முவதற்கு நீங்களும் மனு எழுதி மூன்று நகல் எடுத்திருப்பீர்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் எங்கள் சின்ன அரசு அலுவலகம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி மலை முழுக்க அவர் நினைவூட்டுதான். உலகத்திலேயே டீக்கு எழுத்து மூலமாக நினைவூட்டு அனுப்பிய ஒரே மனிதர். டீ தாமதமானால் துண்டுச் சீட்டில், ‘பார்வை: காலை பத்தே காலுக்கு வாய்மொழியாகக் கேட்ட டீ. நினைவூட்டு ஒன்று’ என்று எழுதி அனுப்புவார். டீக்கடைக்காரர் அதிலேயே போண்டாவை மடித்துத் திருப்பி அனுப்புவார். போண்டாவைத் தின்றுவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தச் சீட்டை ‘பதில் வரப்பெற்றது’ என்று கோப்பில் சேர்ப்பார். எறும்புகள் அந்தக் கோப்பைத்தான் அதிகம் பார்வையிட்டன.

இடஒதுக்கீடு கேட்டு ரோடு ரோடாக மறியல் நடந்த வருஷங்கள் அவை. மலையிலிருந்து இறங்கும் பஸ் திரும்ப ஏறுமா என்பது டிரைவருக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம்.

பெண் சங்கராபுரம். நிச்சயத்தின்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எனக்குக் கடல் பாக்கணும்.”

மாப்பிள்ளை முறுக்கில் நான், “கடல் இன்னா கடலு, தீவுக்கே கூட்டிக்கினு போறேன்” என்று சொல்லிவிட்டேன். நானும் கடலைப் பார்த்தவனில்லை. தையில் கல்யாணம். வைகாசி வந்தது, கடல் வரவில்லை.

“ஆடிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போவேன் இல்ல? அதுக்குள்ள காட்டலன்னா அங்கயே இருந்துக்கிறேன். நீங்க மலையையே பாத்துக்கினு இருங்க” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் டிரங்குப் பெட்டியைத் துடைத்த வேகத்தில் தெரிந்தது.

பயந்துபோய் நினைவூட்டிடம் சொன்னேன். அவர் டிராயரைத் திறந்து, ஏதோ சலூனில் கிழித்த இங்கிலீஷ் பத்திரிகைப் பக்கம் ஒன்றை எடுத்தார். அரபிக்கடலில் ஒரு குட்டித் தீவு, ஓலைக் குடில்கள், பச்சைத் தண்ணீர்.

“பத்து வருஷமா வச்சிக்கினு இருக்கேன்யா. கூடப் போவ ஆளு இல்ல.”

“நீங்களும் வரீங்களா?”

“நான் வராம? கோப்ப யாரு தூக்கிக்கினு வருவா?”

தேனிலவுக்குக் கோப்பு எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆரம்பித்துவிட்டார். அந்தத் தீவு விடுதிக்குப் போன கடிதத்தில் அரசு முத்திரை கிடையாது; ஆனால் எழுதியவர் நினைவூட்டு. ‘குடிலுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் தெரிவிக்கவும். எல்லைக்குள் உள்ள தென்னை மரங்கள் எத்தனை? காய்ப்பவை, காய்க்காதவை தனித்தனியே காட்டவும்.’ எங்கள் அலுவலகத்தில் நிலம் என்றால் மரத்தை எண்ணாமல் இருக்க முடியாது. அது கைப்பழக்கம். ரூம் வேண்டும் என்பது கடைசி வரியில், மேற்கண்டவை ‘திருப்திகரமாக இருக்கும்பட்சத்தில்’ என்று வந்தது.

நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. காய்ப்பவை நூற்றெண்பத்தொன்பது, காய்க்காதவை பதினேழு. ‘எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குடில்களைத் தங்கள் கடிதம் கண்டவுடன் பிரித்துவிட்டோம். பெரிய மனதோடு மன்னிக்கவும்.’

“நாம ரூம்தான கேட்டோம்? எதுக்கு மன்னிப்பு கேக்குறாங்க?” என்றேன்.

“மரியாத தெரிஞ்சவங்கய்யா. ஆனா பதினேழு மரம் ஏன் காய்க்கலன்னு காரணமே சொல்லல பாரு.” உடனே நினைவூட்டு ஒன்று. பத்து நாளில் நினைவூட்டு இரண்டு.

பதில் வருவதற்குள் நாள் குறித்துக் கிளம்பிவிட்டோம். சேலம் வரை பஸ், அப்புறம் ரயில், அப்புறம் கப்பல். மலையிறங்கும்போது எதிரே வந்த பஸ்ஸிலிருந்து தபால்காரர் ஒரு கவரை நீட்டினார். தீவிலிருந்துதான். நினைவூட்டு அதைப் பிரிக்காமல் பையில் வைத்தார்.

“பிரிங்கண்ணே” என்றாள் என் மனைவி.

“பதிவேட்டுல ஏத்தாம தபால பிரிக்கக் கூடாதும்மா. பதிவேடு ஆபீசுல இருக்குது.”

சின்னசேலம் தாண்டியதும் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் தலையில் துண்டு கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் நூறு பேர். நினைவூட்டு இறங்கி, முழங்காலில் வைத்தே ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினார்.

“இன்னாங்க இது?”

“மனு. எங்க மூணு பேர மட்டும் விடணும். காரணம் பின்பக்கத்துல இருக்குது.”

அந்த மனிதர் பொறுமையாக இரண்டு பக்கமும் படித்தார். “நாங்களும் மனு குடுத்துக் குடுத்துப் பாத்துட்டுதாங்க இங்க வந்து குந்திக்கினு இருக்கோம். ஒண்ணுத்துக்கும் பதிலு வரல.”

நினைவூட்டுக்கு முகம் மாறிவிட்டது. “பதிலே வரலயா? நினைவூட்டு அனுப்புனீங்களா?”

அவர் உட்கார்ந்திருந்த மரத்தைத் தட்டிக் காட்டினார். “இதுதாங்க நினைவூட்டு.”

நினைவூட்டு மரத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். “நியாயம்தான்” என்றார். தன் மனுவைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தேனிலவுக்கு வந்தோமா மறியலுக்கு வந்தோமா என்று எனக்குக் குழம்பிவிட்டது.

“அண்ணே, இப்பவாவது அந்தக் கவர பிரிங்க. பதிவேடு இல்லன்னா இன்னா, மரம் இருக்குது இல்ல” என்றாள் என் மனைவி.

கவர்மேல் ‘1’ என்று எண் போட்டுவிட்டுப் பிரித்தார். ‘தங்கள் ஆய்வு முடிந்து சான்று கிடைக்கும்வரை விருந்தினர் யாரையும் தங்க வைப்பதில்லை. ஆய்வுக்கு வருவோர் தங்க எங்கள் விதியில் இடமில்லை.’

மூன்று தடவை படித்தேன். நாங்கள் வந்து பார்க்கும்வரை விருந்தினருக்கு இடமில்லை. விருந்தினர் நாங்கள்தான். வந்து பார்ப்பவரும் நாங்கள்தான், அவர்களுக்கும் இடமில்லை.

“அப்ப நாம யாருங்க?” என்றேன்.

“அதத்தான் தெளிவுரை கேக்கணும்” என்று பேனாவைத் திறந்தார். என் மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மரத்தை விலக்கினார்கள். கள்ளக்குறிச்சி வழியாகச் சங்கராபுரம் திரும்பி, ராத்திரிக்கு மாமியார் வீட்டில் தங்கினோம். அத்தோடு அவள் பெட்டி அங்கேயே தங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். காலையில் அவளே எங்கள் இரண்டு பேரையும் கிளப்பி, பஸ் ஸ்டாண்டில் நாலு பேரை விசாரித்து, கடலூர் பஸ்ஸில் ஏற்றினாள். டிக்கெட் மட்டும் என்னை எடுக்கச் சொன்னாள்.

மத்தியானம் கடல் வந்தது. அவள் பாட்டுக்கு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். நானும் நினைவூட்டும் காய்ந்த மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“யாருகிட்டய்யா கேக்கணும்?” என்றார் மெதுவாக. நானும் மனு வாங்கும் ஜன்னல் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன்.

“இன்னாண்ணே அங்கயே நிக்கிறீங்க? வாங்க!”

“வாய்மொழி உத்தரவாம்மா?”

“ஆமா, வாங்க!”

பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். முதல் அலை முட்டியில் அடித்ததும் சிரித்தார் பாருங்கள், நான்கு வருடத்தில் அந்தப் பல்வரிசையை நான் பார்த்ததே இல்லை. பிறகு ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: ‘கடல் பார்க்கப்பட்டது. தென்னை மரங்கள் எண்ணப்படவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.’ மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் ஆவணி முதல் தேதியே வந்துவிட்டாள்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் வருஷா வருஷம் ஒரு கார்டு வரும். ‘பார்வை: கடல். தங்கச்சி நலமா? நினைவூட்டு இத்தனை’ என்று. பத்தொன்பது வரை வந்தது. அப்புறம் வரவில்லை. இப்போது நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் போட்டது நினைவூட்டு மூன்று.

அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன், மனிதர் எப்பேர்ப்பட்ட கிறுக்கு என்று என் மனைவியிடம் சொன்னேன்.

“அவராவது காய்க்காத மரத்த பத்திக்கூட ஒரு வார்த்த கேட்டாரு” என்றாள். “எந்தக் கடலுன்னு நீங்க எங்கிட்ட கேட்டீங்களா?”