ஃபேன் ஓடும்போது போன கரண்ட்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு காலேஜ் பரீட்சையில்தான் நான் கலந்துகொண்டிருக்கிறேன். அதுவும் படுத்துக்கொண்டு. அதில் ஃபெயில் ஆனது என் மகள். ஃபெயில் ஆக்கியது நான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'கிரேன் பாய் வீடு' என்று கேளுங்கள். கடற்கரைக்கு வழி தெரியாதவன்கூட என் வீட்டுக்கு வழி சொல்வான். படித்தது அஞ்சாவது. சிற்பப் பட்டறைகளில் இரும்புக் குழாயை அடியில் கொடுத்துக் கல் உருட்டும் கூலியாக ஆரம்பித்து, மூன்று கிரேனுக்கு முதலாளி ஆனவன். நாலு டன் நந்தியைக் காது மடல் உடையாமல் லாரியில் உட்கார வைப்பேன். டிகிரி படித்த இன்ஜினியர்கள் என்னிடம் வந்து, "பாய், பெல்ட்டு எங்க போடலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட எனக்கு வியாதி எப்படி வரும்? தினமும் காலையில் பின்மண்டையில் யாரோ உளி வைத்துத் தட்டுவதுபோல இருக்கும். அது வியாதி இல்லை, உழைப்பு என்று நினைத்துக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தலைவலி மாத்திரையில் இரண்டு போட்டுக்கொள்வேன்.

என் மகள் சபீனா செங்கல்பட்டில் ஒரு காலேஜில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தாள். சேர்க்கும்போதே ஒரு கண்டிஷன் போட்டிருந்தேன். "ஒரு பேப்பர்ல போனாலும் படிப்பு கட். நிக்காஹ் தான்." அவளும் தலையாட்டினாள். ஒரு பேப்பரிலும் போகவில்லை. அது என்னுடைய புத்தி அவளுக்கு வந்ததால்தான் என்று பட்டறை பட்டறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொரோனா வந்து காலேஜைப் பூட்டினார்கள். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றார்கள். கடையிலேயே பெரிய லேப்டாப் எது என்று கேட்டு வாங்கி வந்தேன். (மேஜையில் வைத்தால் அதற்குப் பின்னால் பிள்ளை தெரியமாட்டாள்.) அதில் ஒரு பொம்மை நோயாளி வருவான். அம்புக்குறியைக் கையில் வைத்தால் நாடி காட்டுவான். தப்பு மருந்து கொடுத்தால் செத்துப்போவான். மறுபடி ஒரு பட்டனைத் தட்டினால் எழுந்து உட்காருவான். ஊசி போட்டுப் பழகக் கத்தரிக்காய். அந்த மாதம் எங்கள் வீட்டுக் குழம்பில் கொதித்த கத்தரிக்காய் அத்தனையும் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆனவை.

நான் சாப்பிடும் நேரம் பார்த்து ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுவாள். அதில் ஒரு நர்ஸ் ஒரு கிழவரைச் சிரிக்கச் சொல்வாள், இரண்டு கையையும் தூக்கச் சொல்வாள்.

"இன்னாம்மா இது? கெழவன போட்டோ புடிக்கிறாங்களா?" என்றேன்.

"பக்கவாதம் வந்துச்சான்னு பாக்குறாங்கத்தா."

"இத்த வீடியோவுல பாத்துக் கத்துக்கினா நர்ஸா? டிவியில நீச்சல் கத்துக்கினு கடல்ல குதிக்கிற கதை."

அவள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

பிராக்டிகல் பரீட்சையும் வீட்டிலிருந்தே என்று அறிவிப்பு வந்தது. பிரஷர் பார்த்துக் காட்ட வேண்டும். காலேஜில் இருக்கும் பொம்மை இல்லாததால் வீட்டிலிருந்து ஒரு ஆள் நோயாளியாகப் படுக்க வேண்டும். என் மனைவி ஜரீனா படுப்பதாகச் சொன்னாள். விடுவேனா? காலேஜே பார்க்கப் போகிறது. வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, அத்தர். (அத்தர் செங்கல்பட்டு வரைக்கும் மணக்காது என்று ஜரீனா சொல்லித்தான் பார்த்தாள்.) கட்டிலை ஹாலுக்கு இழுத்து, பின்னால் என் கிரேன் நந்தியைத் தூக்கும் போட்டோ தெரிகிற மாதிரி போட்டேன்.

"அத்தா, பேசக் கூடாது. பொம்மை மாதிரி படுத்திருக்கணும். நானா கேட்டா மட்டும் பதில் சொல்லணும்," என்றாள் சபீனா.

"சரிம்மா."

"ரொம்ப முக்கியம்த்தா. இதுல போனா..." என்று நிறுத்திக்கொண்டாள். எதில் போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் செய்வது காலேஜுக்குத் தெரிகிற மாதிரி போனைப் பிடிக்கும் வேலை ஜரீனாவுக்கு. திரையில் பரீட்சை வைக்கும் ஸ்டெல்லா மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய் சும்மா இருக்குமா?

"வணக்கம் மேடம். நான் சபீனாவோட அத்தா. நமக்கு மூணு கிரேன் ஓடுது..."

"பேஷண்ட் பேச வேண்டாம் சார்," என்றார்கள் மேடம். ஒரு கட்டத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சபீனா கை கழுவினாள். என் கையில் பட்டையைச் சுற்றினாள். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, காற்றை அடித்து, மெதுவாக இறக்கினாள். திடீரென்று அவள் முகம் மாறியது. மறுபடி அடித்தாள், மறுபடி இறக்கினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தப்பாகப் படித்தேன். பிள்ளை விடையை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இங்கே என் அறிவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வாரமாக அவள் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நார்மல் நூத்தி இருபது, எண்பது." ஆக, பரீட்சைக்கு விடை நூற்றிருபது, எண்பது. மெஷின் எதற்கு, காற்று எதற்கு? அஞ்சாவது படித்த எனக்கே தெரிகிற விடையை இந்தப் பிள்ளை மறந்துவிட்டதே!

"ரீடிங் சொல்லும்மா," என்றார்கள் மேடம்.

"மேடம்... இருநூறு, நூத்திப் பதினாறு."

"திரும்பப் பாரு."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் மேடம். அதேதான்."

"சரி, பேஷண்ட்டக் கேளு. தலைவலி, மயக்கம் ஏதாவது இருக்கா?"

சபீனா என் பக்கம் குனிந்தாள். "அத்தா, தலைவலி இருக்குதா?"

அந்தக் கேள்விக்கு நான் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. சொன்னேனா? கிரேன் பாய்க்குத் தலைவலி என்று அத்தனை கட்டத்துக்கும் தெரியலாமா?

"எனக்கா? இது வரிக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல மேடம்!"

பிறகு, உதட்டை அசைக்காமல், ரொம்ப சாமர்த்தியமாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நூத்தி இருபது எண்பதுன்னு சொல்லிடும்மா."

போனில் மாட்டிய மைக் என் தலையணை ஓரத்தில் இருந்தது.

"யார் அங்க ஆன்சர் சொல்றது?" மேடத்தின் குரல் மாறிவிட்டது. "சபீனா, நீ சொன்ன ரீடிங்க மாத்தப் போறியா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். படிப்பு, நிக்காஹ் எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"இல்ல மேடம். இருநூறு, நூத்திப் பதினாறு. அத்தா சொல்றது பொய்."

இத்தனை பேர் முன்னால்! எழுந்து உட்கார்ந்தேன். "மேடம், பொண்ணுக்கு பயத்துல கை நடுங்குது, தப்பாப் பாத்துட்டா. என் உடம்பு கல்லு..." என்று ஆரம்பித்தவன், மேடத்தின் முகத்தைப் பார்த்ததும், இனி பேசினால் ஆபத்து என்று புரிந்து, வேகமாகப் போய் நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். திரை அப்படியே உறைந்தது. வாய் திறந்தபடி ஸ்டெல்லா மேடம்.

"கரண்ட் போயிட்ச்சு," என்றேன்.

ஜரீனா போனைப் பிடித்தபடியே தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். எங்கள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மேடம் போன் செய்தார்கள். அவர்களிடமும் கரண்ட் போய்விட்டது என்றே சொன்னேன். பேஷண்ட் விடை சொல்லிக் கொடுத்தார், பிறகு லைன் கட் ஆனது, மார்க் போட முடியாது என்றார்கள். ஃபெயில். கண்டிஷன் கண்டிஷன்தானே? நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையனின் வீட்டில் பேச்சைத் தொடங்கினேன்.

சபீனா அழவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் காலையில் அந்தப் பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள்.

"கையக் குடுங்கத்தா."

"ஃபெயிலானவகிட்ட நான் கை நீட்ட மாட்டேன்."

"டாக்டர்கிட்டயாவது போங்க."

"எல்லாம் உன்னால வந்த பேஜாரு. போ."

மெஷினை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் மறுபடி வந்து நிற்பாள். ஏழு நாள் இப்படி நடந்தது. எழுதும்போதே எனக்கு என்னை அறையலாம் போல இருக்கிறது. (வலது கை இருக்கிறது, முடியும்.)

எட்டாம் நாள் காலை, மாப்பிள்ளையின் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். போன் கீழே விழுந்தது. யார் தட்டிவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. போனைப் பிடித்திருந்த இடது கை என்னுடையது மாதிரியே இல்லை. ஜரீனாவைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது பெயர் இல்லை, வேறு ஏதோ சத்தம்.

சபீனா உள்ளே இருந்து ஓடி வந்தாள். முகத்துக்கு நேரே மண்டியிட்டாள்.

"அத்தா, சிரிங்க."

சாகப்போகிறவனைச் சிரிக்கச் சொல்கிறாளே என்று பார்த்தேன். அப்புறம்தான் அந்த வீடியோ கிழவர் ஞாபகம் வந்தார். சிரித்தேன். அவள் கண்ணில் தெரிந்தது, என் பாதி முகம்தான் சிரித்தது.

"ரெண்டு கையும் தூக்குங்க."

வலது கை போனது. இடது கை மடியிலேயே கிடந்தது. நாலு டன் நந்தியைத் தூக்கியவன், என் சொந்தக் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜரீனா எலுமிச்சம் பழம் பிழிந்து ஓடி வந்தாள். சபீனா அதைத் தட்டிவிட்டாள். "குடுக்காதம்மா! தொண்டையில அடைச்சிக்கும். மணி பத்து பன்னெண்டு, டாக்டர் கேப்பாங்க, ஞாபகம் வெச்சிக்க." அதற்குள் 108-க்குப் போன் போட்டிருந்தாள். வண்டியில் செங்கல்பட்டு போகும் வரை என் தலையைத் தன் மடியில் ஒருக்களித்துப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார்: "பிரஷர் இருக்கா?"

கோணிய வாயோடு, சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் "இல்ல" என்றேன்.

"போன வாரம் இருநூறு, நூத்திப் பதினாறு சார். தினம் தலைவலி மாத்திரை போடறாரு, பீரோ பின்னாடி ஒளிச்சி வெச்சிருக்காரு. ஆரம்பிச்சது பத்து பன்னெண்டுக்கு," என்றாள் என் மகள். மாத்திரை விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

உயிர் பிழைத்தேன். நேரத்தோடு கொண்டு வந்ததால்தான் என்றார் டாக்டர். பேச்சு திரும்பியது. இடது கை திரும்பவில்லை. "கை போச்சு, வாய் போவல," என்று ஜரீனா உறவுக்காரர்களுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

பேச்சு சரியானதும் முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பிறகு சபீனாவிடம், "உன் மேடத்த வீடியோவுல கூப்புடு," என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், அத்தர் இல்லாமல், தொப்பி இல்லாமல், மூக்கில் குழாயோடு திரையில் தெரிந்தேன்.

"மேடம், அன்னிக்கு கரண்ட் போவல. நான்தான் வயரப் புடுங்கினேன். நூத்தி இருபது எண்பதுன்னு சொன்னதும் நான்தான். என் பொண்ணு பாத்தது நெசம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். ரொம்ப நேரம் துடைத்தார்கள். "அந்த ரீடிங்க நான் நம்பியிருக்கணும் சார்," என்றார்கள்.

மறு பரீட்சை வைத்தார்கள். ஜரீனா படுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சபீனா பாஸ். இன்று செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில், என்னைப் போன்றவர்கள் வந்து படுக்கும் வார்டில் வேலை பார்க்கிறாள்.

அந்தப் பரீட்சை முழுவதும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததாம். ஸ்டெல்லா மேடம் என்னிடம் அனுமதி கேட்டு, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டி, கரண்ட் போன கதையையும் சொல்கிறார்கள். மெஷின் சொல்வதையும் நோயாளி சொல்வதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு நான்தான் பாடம். போன மாதம் கடற்கரைக் கோயில் பக்கம் சில பெண் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்து, ஒருத்தி வந்து, "சார், நீங்க அந்த கரண்ட் தாத்தாதானே?" என்று கேட்டாள். அஞ்சாவது படித்தவன் காலேஜில் பாடமாக இருக்கிறேன். பட்டறைக்காரர்களிடம் அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேறு என்ன செய்ய?

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரையும் 'பொய் சொல்லாதே' என்று சொல்வதில்லை. எவர் புளுகினாலும் மற்றவர்கள் பேசாமல் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார்கள். அவ்வளவுதான். வந்த விருந்தாளிகள் கூரையில் பல்லியா என்று அண்ணாந்து தேடியிருக்கிறார்கள்.

நேற்று காலை டீ குடிக்கும்போது ஜரீனாவிடம் சொன்னேன். "இன்னும் ஆறே மாசம். இந்தக் கையாலயே நந்திக்கு பெல்ட்டு மாட்டறேனா இல்லியா பாரு."

அவள் என் இடது கையை எடுத்து மடியில் ஒழுங்காக வைத்தாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.