கஜபதி சேர்த்த ஏமாற்றுச் சொற்கள்

பிறரை ஏமாற்றுவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் பிடித்துவிடுவது என்று, ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஸ்டோர்ஸ் குமாஸ்தா கஜபதி 1986 பொங்கலன்று சபதம் செய்தார். மூன்று வருடத்தில் நாற்பத்தேழு சிக்கின. மின்சார ரயிலில் எட்டு, ரேஷன் வரிசையில் பதினொன்று, மீதியெல்லாம் தொழிற்சாலை கேன்டீனில்.

பிடித்தால் போதுமா? ரகம் பிரிக்க வேண்டாமா? தருவதாகச் சொன்னதைத் தராவிட்டால் அல்வா. வரவேண்டிய ஆள் நழுவினால் டிமிக்கி. காது குத்தப் பொய் மட்டும் போதும். நாமம் போடுவதென்றால் எதிராளியின் பொருளும் போக வேண்டும். வஞ்சிப்பதற்கு நெஞ்சில் சிறிது விஷம் தேவை என்பதால் அதை மட்டும் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

கடைசியில் குவார்ட்டர்ஸ் தமிழ் மன்றம் அவரைப் பேசக் கூப்பிட்டது. ஞாயிறு மாலை நாலு மணி. ஐம்பத்தொரு வயதில் முதல் மேடை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் அவர் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி பாஸ்கரன், சேக்காட்டில் கட்டிய புது வீட்டுக்கு வெள்ளையடிக்க நாள் குறித்திருந்தான்.

"காத்தாலயே தம்பி ஊட்டுக்குப் போறோம். ஆளுக்கொரு செவுரு," என்றாள் பஞ்சவர்ணம்.

மன்றம் என்று உண்மையைச் சொன்னால், "பேச்சுதான, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று முடித்துவிடுவாள்.

"எனக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்க," என்றார் கஜபதி.

"ஞாயித்துக்கெழமைலயா?"

"அவசர வேலை. ராணுவம் காத்துக்கிட்டு இருக்கு."

"எதுக்கு?"

"அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது. ராணுவ ரகசியம்."

"போய்ட்டு வாங்க, பாவம். நாட்டுக்கே ஒரே ஒரு குமாஸ்தாதான கீறீங்க."

கஜபதி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இது ஏமாற்று அல்ல, வெறும் டபாய்ப்பு. டபாய்ப்பில் யாருக்கும் நஷ்டமில்லை. மனசாட்சி தேறிவிட்டது.

ஞாயிறு காலை காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகச் சைக்கிளில் புறப்பட்டவர், மன்றச் செயலாளர் செங்கல்வராயன் வீட்டில் பகலை ஓட்டினார். மாலை செங்கல்வராயனின் வேட்டியிலேயே மேடை ஏறினார். எதிரே ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மைக்செட்காரர்கள்.

இருபத்திரண்டாவது சொல்லில் திடீரென்று கூட்டம் சேர்ந்தது. பஞ்சவர்ணம், பாஸ்கரன், அவன் மனைவி சுசீலா, பின்னால் சொந்தபந்தம் ஏழெட்டுப் பேர். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் சுண்ணாம்பு. நேராக முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இருபத்து மூன்றாவது சொல் கஜபதியின் நினைவில் இருந்து காணாமல் போயிற்று.

கூட்டத்தைக் கண்டு பூரித்த செங்கல்வராயன் மைக்கை வாங்கி, "பெண்கள் பக்கம் சந்தேகம் இருந்தா கேக்கலாம்," என்றார்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். அவள் கையில் கஜபதியின் பித்தளை டோக்கன். தொழிற்சாலை வாசலில் அதைக் காட்டாமல் காற்றுகூட உள்ளே நுழைய முடியாது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு ஓவர்டைம்னு சொல்லிக்கினு போனாரு. மத்தியானம் பழைய துணி எடுக்க அவரோட ஊட்டுக்கு வந்தா, டோக்கன் ஆணில தொங்கிக்கினு கீது. எழுதற நோட்டத்தான் காணோம். மன்றத்து போர்டுல பாத்தா அவரு பேரு கீது. அவரு செஞ்சதுக்கு இன்னா பேருங்க?"

டபாய்ப்பு என்று சொல்லிக் கஜபதி கரையேறியிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லைத் தப்பான ரகத்தில் போட அவர் படிப்பு விடவில்லை.

"அவர் சொன்னதை வீட்டம்மா நம்பினாங்களா?"

"ராணுவ ரகசியம்னாரு பாருங்க, அப்பவே நம்பல. போய்ட்டு வாங்கன்னு அனுப்பி வச்சாங்க."

கஜபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்போ அது டபாய்ப்பு ஆகாது. எதிராளி நம்பினாத்தான் டபாய்ப்பு. நம்பாமலே நம்பின மாதிரி அனுப்பி வச்சா, ஏமாந்தது போனவர்தான்."

மன்றம் அதிரக் கைதட்டியது. கஜபதிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல். பழக்கமில்லாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.

"இன்னும் இருபத்தஞ்சு சொல் பாக்கி இருக்கு," என்றார் மெல்ல.

"நிதானமா முடிச்சிட்டு வாங்க," என்றாள் பஞ்சவர்ணம். "ஏணி போட்டு ஏற வேண்டிய செவுரு மட்டும் அஞ்சு. ஒண்ணையும் யாரும் தொடல, எல்லாம் உங்களுக்குன்னே வச்சிருக்கோம்."